நேராகாத கோடு

ஏழாவது டேக்கிலும் பிணம் சிரித்தது.

"செத்தவரே, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். ஒரே ஒரு நிமிஷம் சாகுங்க!" என்றார் இயக்குநர்.

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறக்காமலேயே, சரி என்று தலையாட்டினார்.

மருத்துவமனைத் தொடர்களைக் கிண்டல் செய்யும் எங்கள் நிகழ்ச்சியில், நான் எழுதிய முதல் காட்சி இது. மாலை வகுப்பில் திரைக்கதை படிக்கிறேன். பகலில் இங்கே நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு மணிக்குள் முடியாவிட்டால் காட்சியைத் தூக்கிவிடுவார்கள்.

மணி பன்னிரண்டு நாற்பத்தாறு.

நோயாளியாகப் படுக்க வேண்டிய துணை நடிகர் வரவில்லை. தெரிந்தவர் என்று சொல்லி இவரை அழைத்து வந்தது நான்தான். அதனால் இயக்குநரின் பக்கமே திரும்பாமல் நோட்டில் குறித்தேன்: 'டேக் 7. சிரிப்பு, அதே இடத்தில்.'

காட்சி இதுதான். அறுவை சிகிச்சையின் நடுவே நோயாளியின் இதயம் நிற்கப் போகிறது. டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கேமராவை மூன்று முறை திரும்பிப் பார்க்கிறார். நர்ஸ் பதறுகிறாள்: "டாக்டர், பேஷண்ட்!" அவரோ, "இரும்மா, என் காதல் தோல்வியைச் சொல்லி முடிச்சிடறேன்" என்கிறார்.

நான்கு முறை அடித்து எழுதினேன். நான்கு முறையும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு சிக்கல். இதயத் துடிப்பைக் கோடாகக் காட்டும் மானிட்டர் பழையது, ஆனால் நிஜமானது. அசலாக இருக்கட்டும் என்று கலை உதவியாளர் வயர்களை நோயாளியின் மார்பில் நிஜமாகவே ஒட்டிவிட்டார். டாக்டர் மூன்றாம் முறை திரும்பும்போது நோயாளி போர்வைக்குள்ளேயே வயரைப் பிடுங்க வேண்டும், கோடு நேராகும். சிரித்துச் சிரித்து ஏழு முறையும் மறந்துவிட்டார்.

'கோடு நேராகிறது' என்று எழுதியவள் நான். ஆனாலும் அவர் மறந்த ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு வந்தது.

எட்டாவது டேக்.

டாக்டர் திரும்பினார். நர்ஸ் பதறினாள். போர்வை குலுங்க ஆரம்பித்தது. திரையில் பச்சைக் கோடு கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது.

காதல் தோல்வியில் விம்மிக்கொண்டிருந்த டாக்டர் அதைப் பார்த்தார். நிறுத்தவில்லை. பிணத்தின் பக்கம் திரும்பினார்.

"சிரிங்க சார், சிரிங்க. உங்களுக்கென்ன, நீங்க போய்ச் சேந்துட்டீங்க!"

கேமராக்காரர் கேமராவைப் பிடித்தபடியே குலுங்கினார். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓகே! இதேதான்! கோடு குதிக்கட்டும், விடுங்க!" என்றார்.

மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

நிர்வாகி ஒரு படிவத்தை நீட்டினார். புதிதாக நடிக்க வருபவரை யார் அழைத்து வந்தாரோ அவர் நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஒரே சொல்: 'உறவு.'

நான்கு மாதங்களுக்கு முன், நிஜ மருத்துவமனையில், இதே கட்டத்தை நிரப்பும்போது என் பேனா தாளைக் கிழித்துவிட்டது. அன்று மாலை பச்சைக் கோடு நேராக ஓடியது. பதினோரு நொடி. எண்ணினேன். பன்னிரண்டாவதில் மறுபடி துள்ளியது.

இன்று கிழியாமல் எழுதினேன்: 'மகள்.'

மார்பிலிருந்து வயரைப் பிய்த்தபடி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார் அப்பா.

"அடுத்த வாரம் என்னை எப்படிம்மா சாகடிக்கப் போற?"