பின்னால் வந்த பஸ்

“ஏறிடுங்கக்கா! உங்க சீட்டைத் தொடைச்சு வெச்சிருக்கேன். மூணு வருஷமா அதே ஜன்னலோரம்தானே!”

ஒலிபெருக்கியில் பான்டெலிஸின் குரல் முதுகில் வந்து அறைந்தது. எவான்தியா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அந்த மஞ்சள் பஸ்ஸின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். பார்த்தால் கால் நின்றுவிடும்.

காலை ஒன்பது மணிக்கு மாரத்தான் ஊரிலிருந்து கிளம்பிய அத்தனை பேரில் கடைசி ஆள் இப்போது அவள்தான். அவளுக்குப் பின்னால் அந்த பஸ். முடியாமல் உட்கார்ந்தவர்களை அள்ளிக்கொண்டு ஏதென்ஸ் வந்து சேர்வது அதன் வேலை. அது யாரைத் தாண்டுகிறதோ அவர் ஓட்டம் முடிந்தது. நெஞ்சில் குத்திய எண் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏற வேண்டியதுதான். ஓட்டம் முடிகிற பளிங்கு அரங்கத்துக்கு அது வந்து சேர்ந்ததும் வாசலைச் சாத்திவிடுவார்கள்.

மூன்று வருஷமாக அவளை அள்ளியது இதே பஸ், இதே டிரைவர் பான்டெலிஸ். போன வருஷம் முப்பத்தேழாவது கிலோமீட்டரில். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே பாதி உயிர் போய்விட்டது. அதனால் இந்த முறை கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டாள். பஸ்ஸுக்கு முன்னால் இருந்தால் போதும்.

அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. “மூட்டு சுத்தமா தேஞ்சுபோச்சும்மா. டிசம்பர்ல ஆபரேஷன். அதுக்கப்புறம் நடக்கலாம், ஓட முடியாது” என்று டாக்டர் சொல்லிவிட்டார். தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற ஐம்பத்துமூன்று வயசுக்காரிக்கு ஓட்டம் எதுக்கு என்று நாத்தனார் கேட்டாள். எதுக்கென்று இவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கடைசிக் கோட்டை ஒரே ஒரு தடவை மிதிக்காமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுக்க மனசு ஒப்பவில்லை.

“காப்பி சூடா இருக்கு! எள்ளு ரொட்டி இருக்கு! எல்லாரும் காலை நீட்டி உக்காந்து தின்னுட்டிருக்காங்க!”

“யோவ், நீயே கொட்டிக்க!”

“கத்தத் தெம்பிருக்கு, ஓடத் தெம்பில்லையா? என் மாமியார் இதைவிட வேகமா சந்தைக்குப் போவாங்க!”

பஸ்ஸுக்குள் சிரிப்புச் சத்தம். எவான்தியாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாவி, மனுஷனா இவன்! அந்த ஆத்திரத்திலேயே ஸ்டாவ்ரோஸ் மேட்டை ஏறி முடித்தாள்.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. நடைபாதை ஓரத்தில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். ஹாரன் காதைப் பிளந்தது.

“மாதாவே, போதும்மா. என்னால முடியல” என்று வாய்விட்டு அழுதாள். நெஞ்சில் எண் அட்டையைப் பிடித்திருந்த ஊசியைக் கழற்றக் கையும் வைத்துவிட்டாள்.

பஸ் கதவு திறந்தது. பான்டெலிஸ் குதித்து இறங்கி, முன்மூடியைத் தூக்கி நிறுத்தினான். “சனியன் பிடிச்ச எஞ்சின்! சூடேறிப்போச்சு! இன்னிக்குன்னு பாத்துத்தானா!”

எஞ்சினிலிருந்து துளி ஆவி வரவில்லை. அதையெல்லாம் யோசிக்கிற நிலையிலா இருந்தாள் அவள்? தெய்வமாகப் பார்த்து அவன் வண்டியை முடக்கியிருக்கிறது, அவ்வளவுதான். காலைப் பரபரவென்று நீவினாள். விளக்குக் கம்பத்தைப் பிடித்து எழுந்தாள். ஓர் அடி வைத்தாள். உயிர் போய் வந்தது. இன்னோர் அடி வைத்தாள்.

“எங்கக்கா ஓடறீங்க? ரெண்டே நிமிஷம், வண்டி ரெடியாயிடும். வந்து பிடிச்சிருவேன்!”

“பிடிய்யா பாப்போம்!”

வெகுநேரம் கழித்து மறுபடியும் அந்த உறுமல் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, கொஞ்சம் நொண்டல். வேடிக்கை பார்த்தவர்கள் கொடிகளைச் சுருட்டிக்கொண்டு எப்போதோ போய்விட்டார்கள். தெருவிளக்குகள் எரிந்தன. பஸ்ஸின் முகப்பு வெளிச்சத்தில் அவள் நிழல் நீளமாய் முன்னால் விழுந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அந்த நிழலையே துரத்திக்கொண்டு போனாள்.

அரங்கம். காலியான பளிங்குப் படிகள். கடைசிக் கோட்டருகே கோட்டுப் போட்ட ஓர் அதிகாரியும், பதக்கத்தோடு ஒரு பெண்ணும் மட்டும் குளிரில் நின்றார்கள்.

எவான்தியா இரண்டு காலையும் சேர்த்துக் கோட்டை மிதித்தாள். மிதித்த இடத்திலேயே மண்டியிட்டு, பதக்கத்தை நெஞ்சோடு பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். வாசலில் பஸ் வந்து நின்றதும்தான் அழுகை சிரிப்பானது.

“பாத்தியாய்யா! உன் பஸ்ஸைத் தோக்கடிச்சிட்டேன்!”

பான்டெலிஸ் இறங்கினான். அவனுக்குப் பின்னால் இறங்கிய பதினோரு பேரும் நொண்டிக்கொண்டே கைதட்டினார்கள். அதிகாரி மட்டும் கடுகடுவென்று அவனிடம் போனார்.

“என்னய்யா இது? அஞ்சு மணிக்கு வரவேண்டிய பஸ், இப்ப மணி ஆறு! நீ வராம வாசலையும் சாத்த முடியல. எஞ்சின் கெட்டுப்போச்சா?”

“எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல சார். முன்னால அக்கா ஓடிட்டிருந்தாங்க.”