மூன்றாவது அரைச் சுற்று

"சாயங்காலம் இரும்புக்கடைக்காரர் வர்றார். அதுக்குள்ள கிளம்பலேன்னா இந்தத் தகரடப்பா அவரோட போயிடும்!"

வாசலில் நின்று அறிவித்துவிட்டு மாமியார் உள்ளே போனாள்.

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மாமனாரும் மருமகளும் நிமிரவே இல்லை. அவர் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவள் லிஃப்ட் ரிப்பேர் செய்பவள். இருவருமாகச் சேர்ந்து அவருடைய அரதப்பழசான காரின் இன்ஜினைக் கடைசி போல்ட் வரை பிரித்து, துடைத்து, திரும்ப மாட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து கார் கிளம்பவில்லை.

"பெட்ரோல் வருது மாமா."

"பிளக்ல பொறியும் வருது."

"அப்புறம் என்னதான் கேடு?"

"அதை மாட்டினவங்களைக் கேட்கணும்."

"நீங்கதானே மாட்டினீங்க?"

"நானா? நான் ஸ்பேனர்தாம்மா எடுத்துக் கொடுத்தேன்!"

ஒரு வாரமாக இதே சண்டை. சமாதானம் பேசப் போன மகன் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, இப்போது ஹாலை விட்டு நகர்வதில்லை.

மருமகள் தண்ணீர் குடிக்க உள்ளே போய் வந்தாள். பிறகு மாமனார் மூக்குக் கண்ணாடியைத் தேடி உள்ளே போய் வந்தார்.

"இப்ப சாவியைத் திருப்பும்மா. கட்டாயம் கிளம்பும்," என்றார் அவர்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது மாமா," என்றாள் அவள், அவரைவிட நிச்சயமாக.

கார் முக்கியது, முனகியது, 'படார்' என்று தும்மியது. மாமனாரின் மூக்கில் கரி அப்பியதுதான் மிச்சம். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"போதும். கை கழுவிட்டு சாப்பிட வாங்க. அப்புறமா வழியனுப்பலாம்," என்றாள் மாமியார்.

எல்லாரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். மாமனார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. மாமியார் பரிமாறிவிட்டு, வெளியே காயும் துணியை எடுக்கப் போய், ஆடி அசைந்து திரும்பி வந்தாள்.

"கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம்," என்று மாமனார் எழுந்தார்.

சாவியைத் திருப்பியதும் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது!

"பார்த்தியா, என் மருமக கைராசி!"

"இல்ல மாமா, எல்லாம் உங்க வேலைதான்!"

மகன் சமையலறைக்கு ஓடினான். அம்மா விரல் விரலாக சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கறுப்பாக ஓடியது.

"நீயா? உனக்கு என்னம்மா தெரியும்?"

"ஒரு மண்ணும் தெரியாது. ஜன்னல்ல நின்னு பார்த்தேன். அவ தண்ணி குடிக்க வந்தப்போ இவர் பிளக் ஒயரெல்லாம் போய்ச் சேருற அந்த டிஸ்ட்ரிபியூட்டரோ என்னவோ, அதைத் தூக்கி, அரைச் சுத்து திருப்பி வெச்சார். இவர் கண்ணாடி தேட வந்தப்போ, அவ அதையே இன்னொரு அரைச் சுத்து திருப்பினா. பழைய தப்பான இடத்துக்கே வந்துடுச்சு. வாயிலதான் சண்டை, உள்ளுக்குள்ள ஒருத்தர் தப்பை ஒருத்தர் சத்தமில்லாம சரிபண்றாங்களாம்! மூணாவது அரைச் சுத்து நான் திருப்பினேன்."

"காரைத் தொலைச்சுத் தலைமுழுகணும்னு நின்னதே நீதானே! இப்ப இரும்புக்கடைக்காரர் வந்தா என்ன சொல்வே?"

"எந்தக் கடைக்காரர்? நான் யாரையும் கூப்பிடலை. ரெண்டு பேரையும் கொஞ்சம் விரட்டினேன், அவ்வளவுதான். ரிட்டயர் ஆனதிலேருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன், இப்பதான்டா ஒருத்தியோட சண்டை போடுற அளவுக்குப் பேசுறார். அந்தக் காரைப் போய் நான் எடைக்குப் போடுவேனா?"