கட்டிலை விட்டு நகர்ந்த வெயில்

கோடை முழுக்க, ஜன்னல் வழியே படுத்த படுக்கையான மனைவியின் காலில் விழுந்த காலை வெயில், இப்போது கட்டிலைத் தாண்டிச் சுவரோரம் விழுகிறது. அந்த ஜன்னலை வைத்து வீட்டைக் கட்டிய அவள் கணவரான கொத்தனாருக்கு இது மானப் பிரச்சினை. “பூமி சாய்ஞ்சபடியே சூரியனைச் சுத்துதுப்பா. அதான் வெயிலும் இடம் மாறுது, குளிரும் வருது” என்கிறாள் மகள். அவர் நம்பவில்லை. தான் போட்ட தரையில், மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்க்கிறார். குமிழி நட்டநடுவில் நிற்கிறது. “எங்கடி சாய்ஞ்சிருக்கு? யார் காதுல பூ சுத்துற?” மனைவி போர்வைக்குள்ளிருந்து சிரிக்கிறாள். “பூமி எக்கேடோ கெடட்டும். எனக்குக் கால் குளிருது.” கொத்தனார் கட்டிலை அவளோடு சேர்த்து, தரை கிறீச்சிட இழுக்கிறார். வெயில் அவள் பாதத்தில் மெல்ல ஏறுகிறது. விரல்கள் சிவக்கின்றன. “நாளைக்கு இங்கேயிருந்தும் போயிட்டா?” என்கிறாள் மனைவி. “போகட்டும். இழுக்க நான் இருக்கேன்ல?”