பகல் தொடரில் ஒரு மனைவி

தென் கொரியாவின் பூசான் துறைமுகத் தெருவின் அழகு நிலையத்தில், தலை நிறைய முடி சுருட்டும் குழல்களோடு மால்சுக் தொலைக்காட்சியைப் பார்த்துச் சிரிக்கிறாள். தன் கணவனுக்கு இன்னொரு குடும்பம் இருப்பது தொடரின் நாயகிக்கு இன்றுதான் தெரிகிறது. "கதை எழுதுறவனுக்கு அறிவே இல்ல. பன்னெண்டு வருஷமா பொண்டாட்டிக்குத் தெரியாமலா இருக்கும்? நீயே சொல்லு, யோன்ஹீ." பின்னால் நின்று குழல் சுற்றும் கடைக்காரி யோன்ஹீயின் விரல்கள் நின்றுவிடுகின்றன. "எனக்குத் தெரியலையேக்கா. செவ்வாக்கெழம ஒரு பொண்ணு முடிவெட்ட வந்து இதே நாற்காலியில உக்காந்தா. என் வீட்டுக்காரரோட அதே கன்னக்குழி. 'அப்பா இங்கதான் இருக்காரா'ன்னு கேட்டா." திரையில் நூடுல்ஸ் விளம்பரம் ஓடுகிறது. மால்சுக் கண்ணாடியில் யோன்ஹீயின் முகத்தைத் தேடுகிறாள். முடியைச் சுருளாக்கும் மருந்து மால்சுக்கின் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கி எரிகிறது. துடைக்க அவளுக்குக் கை எழவில்லை.