மறைத்து நின்ற ஆள்

வில்ஃப்ரெட் ரிமோட்டை அழுத்தினார். பழைய கறுப்பு வெள்ளைப் படம் திரையில் அப்படியே நின்றது.

"மில்லி, அந்த மர உடம்பு காரைப் பாரேன்! மொத்தமே ஆறு வண்டிதான் கட்டினாங்க. பின்கதவைப் பார்க்கலாம்னா எவனோ ஒரு தடியன் மறைச்சுக்கிட்டு நிக்கிறான்."

தேநீரோடு வந்த அக்கா மில்லி, திரையருகே குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"இது எந்த வருஷம்டா எடுத்தது?"

"படத்துல போடல. ஆனா கார் சொல்லுதே! இந்த ஜன்னல் சட்டம் ஐம்பத்திரண்டுலதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி எடுத்திருக்கவே முடியாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நாப்பது வருஷமா பழைய கார்களை ஆராயறதே வேலையா இருக்கேன். தப்பா இருந்தா மீசையை எடுத்துடறேன், போதுமா?"

மில்லி டி.வி. மேலிருந்த அப்பாவின் புகைப்படத்தை எடுத்தாள். போரில் அப்பாவின் கப்பல் மூழ்கியது, யாரும் பிழைக்கவில்லை என்று தந்தி வந்தது நாற்பத்து மூன்றில், வில்ஃப்ரெட் பிறந்த மாதம். அம்மா சாகும்வரை வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் ஊர்ப் போர் நினைவுத் தூணில், அவர் பெயருக்குக் கீழே இருவரும் மலர்வளையம் வைக்கிறார்கள்.

புகைப்படத்தை அந்தத் தடியனின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதே மூக்கு. நாய் கடித்துப் பாதி போன அதே இடது காது.

வில்ஃப்ரெட் முதல்முறையாகக் காரை விட்டு ஆளைப் பார்த்தார்.

"மில்லி," என்றார். "நான் மீசையை எடுத்துடறேன். வருஷத்தைத் தப்பாச் சொல்லிட்டேன்னு வச்சுக்கலாமா?"