கையளவு சூடு

மலைமேல் ஓர் ஓணான் தச்சு வேலை செய்துவந்தது. மார்கழிக் குளிரில் அதன் கைகள் விறைத்துப் போயின. பிரசவத்துக்கு நாள் நெருங்கிய அணிலோ தொட்டில் கேட்டிருந்தது.

ஓணான் மைனாவின் கடைக்குப் போனது. “இந்தப் பெரிய ஹீட்டரை எடுத்துக்கோங்க. பட்டறை முழுக்கச் சூடாயிடும்” என்றது மைனா.

அப்படியே சூடானது. அதைக் கேள்விப்பட்டுத் தவளை வந்தது, முயல் வந்தது. அரட்டை களைகட்டியது. ஓணானும் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கதை கேட்டது.

சாயங்காலம் அணில் எட்டிப் பார்த்தது. “அண்ணே, தொட்டிலுக்கு இன்னும் ஒரு கால்கூடச் செய்யலையா?”

ஓணானின் முகம் தொங்கிப்போனது. விடிந்ததும் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தது.

“கெட்டுப்போச்சா?” என்றது மைனா.

“இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு. என் கைக்கு மட்டும் சூடு தர்ற சின்னது ஒண்ணு கொடுங்க.”

“அதைப் போட்டா பக்கத்துல வேற யாருக்கும் குளிர் விடாதே!”

“அதுதான் வேணும்.”

தவளையும் முயலும் மறுபடி வந்தன. “என்னப்பா, உள்ளே இப்படிக் குளிருது!” என்றது தவளை.

“ஆமாம், நல்ல குளிர்” என்றது ஓணான், இழைப்பதை நிறுத்தாமலே. இரண்டும் நடுங்கிக்கொண்டே கிளம்பின.

தொட்டில் அணிலின் பொந்துக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலையே, அதில் மூன்று குட்டிகள் தூங்கின.