பிஞ்சுக் கை

“இது பெரியவங்க கை சார். நான் அடிச்சுச் சொல்றேன்” என்று சாராள் டீச்சர், பிள்ளைகள் போட்டிக்குச் செய்து கொண்டுவந்த பொங்கல் வாழ்த்து அட்டைகளில் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

தலைமையாசிரியர் சுயம்புலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அவருக்கு அட்டைதான் தெரிந்தது, கை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தார்.

அட்டை என்னவோ அழகாகத்தான் இருந்தது. கோயில் கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறந்தால், உள்ளே மடிந்து கிடந்த பானை நிமிர்ந்து எழுந்து நின்றது. ஜவுளிக்கடைப் பெட்டியில் வருகிற பூப்போட்ட தாளில் பானைக்குச் சட்டை. ஓரம் நெடுக, உருளைக்கிழங்கைச் செதுக்கி மையில் தொட்டு வைத்த கரும்பு அச்சு, ஒன்றுகூடப் பிசகாமல் வரிசை கட்டி நின்றது.

அந்த வரிசைதான் டீச்சரின் கண்ணை உறுத்தியது. போன வருஷமும் இப்படித்தான், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஓர் அட்டையை மதுரையில் நடந்த ஜில்லாப் போட்டிக்கு அனுப்பிவைத்தார். அது பிள்ளையின் சித்தப்பா செய்தது என்று தெரிந்துபோய், “போடியில பிள்ளைகளுக்கெல்லாம் மீசை முளைச்சிருச்சோ?” என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் இந்தப் பள்ளிக்கூடத்தைப் போட்டியிலேயே சேர்க்க மாட்டோம் என்றும் சொல்லியனுப்பினார்கள். அன்றிலிருந்து, நேர்த்தியாக எதைப் பார்த்தாலும் டீச்சருக்குச் சந்தேகம்.

“ஞானசெல்வி, இங்க வா. யாரு செஞ்சது இது?”

“நாந்தேன் டீச்சர்.”

ஜவுளிக்கடை ஜேசுராஜின் மகள் அவள். அம்மா வீட்டில் தையல் மிஷின் போட்டு ஊருக்கே ஜாக்கெட் தைப்பவர். போதாததற்கு, டீச்சரும் அவர்களும் ஒரே சர்ச். வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டினார் என்று நாளைக்கு ஒருத்தர் வாயில் விழக் கூடாது.

“உங்க அம்மா ஒத்தாசை பண்ணாகளா?”

“இல்ல டீச்சர். கத்தரியும் தாளும் குடுங்க, இங்கனயே இன்னொண்ணு செஞ்சு காட்டுறேன்.” பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அட்டை தேர்வானால் டீச்சரோடு மதுரைக்கு ரயிலில் போகலாம். ரயிலைப் பார்த்திருக்கிறாளே தவிர அவள் ஏறியதில்லை.

“பாத்தீங்களா சார், நல்லாப் பழக்கி அனுப்பியிருக்காக” என்றார் டீச்சர். “நீ போயி உக்காரும்மா.”

ஞானசெல்வி போய் உட்கார்ந்து பெஞ்சில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். டீச்சருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

மிச்ச அட்டைகளைப் புரட்டிக்கொண்டே போனவர் ஓர் அட்டையில் நின்றார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“இதப் பாருங்க சார். இதுதான் பிஞ்சுக் கை.”

அந்த அட்டை ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறுகியும் கிடந்தது. திறந்தால் பானை எழுந்திருக்கவில்லை, சாய்ந்து படுத்துக்கொண்டது. வெண்டைக்காயை நறுக்கிக் குத்திய பூக்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்திருந்தன. பசை வழிந்து காய்ந்திருந்தது. மூலையில் நெல்லிக்காய் அகலத்துக்கு ஒரு கட்டைவிரல் ரேகை வேறு அப்பியிருந்தது.

“பெரியவங்க செஞ்சா இம்புட்டுக் கோணலாவா செய்வாக? மனசுல கள்ளம் இல்லாத பிள்ளையாலதான் சார் இப்படி வெட்ட முடியும்” என்று டீச்சர் உருகினார்.

அட்டையில் இருந்த பெயர் செல்லப்பாண்டி. ஏலக்காய் லாரி ஓட்டும் ஒச்சாண்டியின் மகன். கூப்பிட்டதும் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“டீச்சர், அது வந்து...” என்று இழுத்தான்.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. உன் அட்டையே சொல்லுது.”

அன்றைக்கே, ‘இது மாணவனின் சொந்தக் கைவேலை, இதற்கு நான் பொறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அட்டையை மதுரைக்கு அனுப்பிவைத்தார் சாராள் டீச்சர். போன வருஷத்து அவமானம் பாதி தீர்ந்த மாதிரி இருந்தது.

போட்டி நாளான சனிக்கிழமை காலை, போடி ஸ்டேஷன். மகனை ஏற்றிவிட ஒச்சாண்டி வெளுத்த காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர் சீட்டுக்காரர்களிடம் செல்லப்பாண்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

வண்டி ஊதிய பிறகும் ஒச்சாண்டி போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எதையோ சொல்ல வாயெடுப்பதும் முழுங்குவதுமாக நின்றார்.

“கவலப்படாதீங்க. பையனப் பத்திரமாக் கூட்டியாந்துருவேன்” என்றார் டீச்சர்.

“அதுக்கில்லைங்க டீச்சர். மதுரை வரைக்கும் போகும்னு நெனைக்கல. பாக்குறவுக கோணலா இருக்குன்னு சொல்லுவாகளேன்னுதேன் வெசனமா இருக்கு.”

“கோணல்தாங்க அதுல அழகே.”

வண்டி நகர்ந்தது. ஒச்சாண்டி கூடவே நாலு எட்டு நடந்து வந்து, கூச்சத்தோடு சொன்னார்:

“ஸ்டீரிங் பிடிச்ச கைக்குக் கத்தரி அடங்கல டீச்சர். அடுத்த வருசம் நேரா வெட்டிர்றேன்.”